செரான்: ஒரு மெக்சிகோ முனிசிபியோவின் நிலமும் ஆட்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் உள்ள செரானைப் பற்றிப் பேச்செடுக்கும் போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்சிகளை வெளியேற்றிய ஊர் என்ற ஒற்றை வரியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அந்த ஊரின் மலையையும் காட்டையும் தண்ணீரையும் அறியாமல் அதன் ஆட்சிமுறையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே நிலத்திலிருந்து தொடங்குகிறேன்.

செரான் என்பது ஊரா, மாவட்டமா, பழங்குடி நாடா? எங்கே இருக்கிறது?

செரான் ஓர் ஊரின் பெயர். அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட முனிசிபியோவின், அதாவது உள்ளாட்சிப் பரப்பின், பெயரும் அதுவே. மெக்சிகோவின் நடு-மேற்குப் பகுதியில் மிச்சோவகான் மாநிலம் இருக்கிறது. மாநிலத் தலைநகரான மொரேலியாவிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மேற்கே சென்றால் புரேபெச்சா மேட்டுநிலம் வரும். காராபானிலிருந்து உருவாபனுக்குத் தெற்கே இறங்கும் 37ஆம் எண் கூட்டாட்சி நெடுஞ்சாலை செரானின் ஊடாகவே செல்கிறது. கிதார் செய்யும் தச்சர்களுக்குப் பெயர்பெற்ற பராச்சோ அதே சாலையில் அடுத்து வரும் பேரூர்.

முனிசிபியோவின் பரப்பு ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 2010 கணக்கெடுப்பில் சுமார் 18,000 பேரும், 2020 கணக்கெடுப்பில் சுமார் 20,000 பேரும் இங்கு வாழ்ந்தனர். பெரும்பாலோர் புரேபெச்சா மக்கள். புரேபெச்சா மொழி, அறியப்பட்ட வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனி மொழி. ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைச் ‘செரான் கெரி’ என்று சொல்வார்கள். ‘கெரி’ என்றால் பெரிய, மூத்த என்று பொருள். இந்தச் சொல் பின்னால் ஆட்சியைப் பற்றிய பதிலிலும் வரும்.

முனிசிபியோ என்றால் நம் ஊர் நகராட்சி மாதிரிதானே?

இந்த மொழிபெயர்ப்புதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நகராட்சி என்றதும் நமக்கு ஒரு நகரமும் அதன் எல்லையும் நினைவுக்கு வருகின்றன. மெக்சிகோவின் முனிசிபியோவோ நகரம், கிராமம், வயல், காடு, மலை எல்லாவற்றையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு. நாட்டின் நிலம் முழுவதும் முனிசிபியோக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தலைநகரான மெக்சிகோ நகரில் மட்டும் ‘அல்கால்தியா’ என்ற வேறு பெயரில் பிரிவுகள் உள்ளன. மொத்தம் 2,470-க்கு மேற்பட்ட இத்தகைய அலகுகளில் மிச்சோவகானில் இருப்பவை 113.

மெக்சிகோ அரசியலமைப்பின் 115ஆம் பிரிவு, முனிசிபியோவை மாநிலத்தின் அடிப்படை ஆட்சி அலகாக அறிவிக்கிறது. ஒரு தலைவர், சட்டப் பிரதிநிதியாகிய சிந்திகோ, உறுப்பினர்களாகிய ரெகிதோர்கள் ஆகியோர் சேர்ந்த மன்றம் அதை ஆள வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. இந்த மன்றத்தின் பெயர் ‘அயுந்தமியெந்தோ’. குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, குப்பை, சந்தை, இடுகாடு, தெருக்கள், பூங்காக்கள், காவல் ஆகியன அதன் பொறுப்பு. காவல் என்பதை இங்கே கவனத்தில் கொள்ளுங்கள். நம் உள்ளாட்சிகளின் கையில் இல்லாத அதிகாரம் அது.

நிலம் எப்படிப்பட்டது? மலையா, சமவெளியா?

செரான் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள குன்றுகள் அதற்கும் மேலே எழுகின்றன. மெக்சிகோவைக் குறுக்கே வெட்டிச் செல்லும் எரிமலைத் தொடரின் ஒரு பகுதி இது. கூம்பு வடிவக் குன்றுகளில் பல, என்றோ வெடித்து அடங்கிய சிறு எரிமலைகள். இந்த நிலம் எவ்வளவு இளமையானது என்பதை அறிய, இதே மேட்டுநிலத்தில் 1943 பிப்ரவரி 20 அன்று ஒரு சோளக்காட்டில் பிறந்த பரிகுத்தின் எரிமலையை நினைத்தால் போதும்.

எரிமலைச் சாம்பலில் உருவான மண் என்பதால் அது மென்மையாகவும் வளமாகவும் இருக்கிறது. பைனும் ஓக்கும் கலந்த காடு இயல்பாக வளர்கிறது. சமமான இடங்களில் மக்காச்சோளம் விளைகிறது. குளிர்கால இரவுகளில் உறைபனி உண்டு. நெருப்பு இங்கே சமையலுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. குளிர் நாட்டு வீட்டின் நடுப்பொருள் அது.

மழை நன்றாகத்தான் பெய்கிறது என்கிறீர்கள். பிறகு ஏன் தண்ணீர்ப் பிரச்சினை?

ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன சாம்பல் மண்ணும் துளைகள் நிறைந்த எரிமலைப் பாறையும் மழைநீரைக் கடற்பஞ்சு போல் உறிஞ்சிக்கொள்கின்றன. மேட்டுநிலத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று சொல்லத்தக்கது கிடையாது. உறிஞ்சப்பட்ட நீர் தொலைவில், தாழ்வான பகுதிகளில் ஊற்றுகளாகவும் ஆறுகளாகவும் வெளிப்படுகிறது. மேட்டில் இருப்பவர்களுக்கு எஞ்சுவது சில ஊற்றுகளே. அவற்றைச் சூழ்ந்த மரங்களை வெட்டினால் ஊற்று வற்றும் என்பதை இங்குள்ள ஒவ்வொருவரும் பாட்டி காலத்திலிருந்தே அறிவார்கள்.

இதற்கு ஒரு விடையாக, குகுந்திகாத்தா என்ற குன்றின் பழைய எரிமலை வாயையே நீர்த்தேக்கமாக மாற்றியிருக்கிறார்கள். வாயின் சரிவுகளில் நீர்புகாத விரிப்பைப் பரப்பி மழைநீரை அங்கே சேகரிக்கிறார்கள். கொள்ளளவு ஏறத்தாழ 2 கோடி லிட்டர். தண்ணீர் தன் எடையாலேயே கீழே இறங்கி வருகிறது. ஊரின் சொந்த ஆலையில் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நிலத்தின் வடிவத்தை இவ்வளவு நேர்த்தியாகப் பயன்படுத்திய பொதுப்பணி வேறொன்றை நான் அறிந்ததில்லை.

காடு யாருக்குச் சொந்தம்? அரசுக்கா, தனியாருக்கா?

இரண்டும் இல்லை, சமூகத்துக்கு. மெக்சிகோ அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, நிலத்தைக் கூட்டாக உடைமை கொள்ளும் பழங்குடிச் சமூகங்களை ஏற்கிறது. செரானின் காடும் மேய்ச்சல் நிலமும் இத்தகைய கூட்டுடைமை. இதில் உரிமை கொண்டவர் ‘கொமுனேரோ’ எனப்படுவார். குடும்பங்கள் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட துண்டில் உழலாம், பைன் மரத்திலிருந்து பிசின் இறக்கலாம். ஆனால் அதைச் சந்தையில் வைத்து அந்நியருக்கு விற்றுவிட முடியாது.

ஆகவே சட்டப்படி ஒரே நிலத்தின் மீது இரண்டு அதிகாரங்கள் நிற்கின்றன: ஆட்சிப் பரப்பு என்ற முறையில் முனிசிபியோ, உடைமை என்ற முறையில் கூட்டுநில அமைப்பு. மெக்சிகோவின் பல ஊர்களில் இந்த இரண்டும் இரு வேறு மனிதர்கள் கையில், சில சமயம் இரு வேறு கட்சிகளின் கையில் இருந்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். 2012-க்குப் பிறகு செரான் செய்த முக்கியமான மாற்றங்களுள் ஒன்று, கூட்டுநில நிர்வாகத்தையும் ஊராட்சிக் குடைக்குள்ளேயே ஒரு மன்றமாகக் கொண்டுவந்தது. இதைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. எனக்கோ எல்லாவற்றுக்கும் அச்சாணி இதுவென்றே படுகிறது.

2011-இல் என்னதான் நடந்தது?

2008 தொடங்கிக் கட்டுப்பாடற்ற மரக்கடத்தல் செரானின் காட்டை விழுங்கத் தொடங்கியது. வெட்டுபவர்களுக்குப் பின்னால் ஆயுதம் ஏந்திய குற்றக் கும்பல்கள் இருந்தன. நாள்தோறும் நூற்றுக்கும் மேற்பட்ட மரவண்டிகள் ஊர்த் தெருக்கள் வழியாகவே சென்றன என்று மக்கள் நினைவுகூர்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காடு அழிந்தது. வெட்டிய இடங்களில் தீயும் வைக்கப்பட்டது. எதிர்த்துப் பேசியவர்களில் சிலர் கொல்லப்பட்டனர், சிலர் காணாமற்போயினர். முறையிட்டும் முனிசிபியோ அசையவில்லை; மாநிலமும் மத்திய அரசும் அசையவில்லை. கட்சிப் பூசலால் ஊரும் அப்போது பிளவுபட்டுக் கிடந்தது.

வெட்டு, லா கொஃப்ராதியா என்ற ஊற்றின் அருகே வந்தபோது பொறுமை முடிந்தது. 2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன், எல் கால்வாரியோ கோயிலருகே மூன்றாம் பாரியோவை, அதாவது மூன்றாம் பேட்டையை, சேர்ந்த பெண்கள் மரவண்டிகளை மறித்தார்கள். கையில் கல்லும் கட்டையும்தான். கோயில் மணி ஒலித்தது. திருவிழாவுக்கு விடும் வாணங்கள் வானில் வெடித்தன. தூங்கிக்கொண்டிருந்த ஊர் எழுந்து வந்தது. வண்டிகள் எரிந்தன, மரவெட்டிகள் சிலர் பிடிபட்டனர். அடுத்தடுத்து முனிசிபியோ தலைவரும் காவலர்களும் வெளியேற, ஊருக்குள் நுழையும் சாலைகளில் மக்கள் தடுப்பரண்களை எழுப்பினார்கள். அன்றிரவு முதல் ஒவ்வொரு தெருமுனையிலும் நெருப்பு மூட்டிக் காவல் இருந்தார்கள்.

ஃபொகாத்தா ஃபொகாத்தா என்கிறார்களே, அது என்ன?

ஸ்பானிய மொழியில் ஃபொகாத்தா என்றால் திறந்த வெளியில் மூட்டும் நெருப்பு. முந்தைய பதிலில் சொன்ன தெருமுனை நெருப்புகள்தான் அவை. ஊர் முழுவதும் சுமார் 190 இருந்தன. புரேபெச்சாவில் நெருப்பின் இடத்தைப் பராங்குவா என்பார்கள். அது வீட்டு அடுப்பையும் குறிக்கும். காவலுக்காக மூட்டிய நெருப்பைச் சுற்றி அக்கம்பக்கத்தார் மாதக்கணக்கில் இரவும் பகலும் இருந்தார்கள். அங்கேயே சமைத்தார்கள், குழந்தைகளைத் தூங்கவைத்தார்கள், வெவ்வேறு கட்சிகளுக்காகப் பேசாமல் விட்ட உறவுகளோடு மறுபடி பேசினார்கள். இனி நம்மை யார் ஆள்வது என்ற கேள்வியும் அங்கேதான் எழுந்தது.

இன்று பல முனைகளில் நெருப்பு எரிவதில்லை. ஆனால் ஃபொகாத்தா என்ற சொல் அந்த அண்டை வீட்டார் கூட்டத்துக்கே பெயராகி நிலைத்துவிட்டது. ஆட்சியின் மிகச் சிறிய அலகு இப்போது அதுதான்.

ஊரார் கூடிக் கட்சிகளை விரட்டிவிட முடியுமா? சட்டம் எப்படி ஒப்புக்கொண்டது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலரும், சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை, அரசு கண்டும் காணாமல் விட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டே கேட்கிறார்கள். நடந்தது வேறு. 2011 நவம்பரில் மாநிலம் முழுவதும் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவிருந்தது. அதில் பங்கேற்பதில்லை, தங்கள் சொந்த வழக்கப்படியே ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுப்போம் என்று செரான் தீர்மானித்து, மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் முறையாக விண்ணப்பித்தது. அதை முடிவுசெய்யும் அதிகாரம் தனக்கில்லை என்று ஆணையம் செப்டம்பரில் பதிலளித்தது. ஊரார் வழக்குத் தொடுத்தார்கள். 2011 நவம்பர் 2 அன்று, நாட்டின் உயர்ந்த தேர்தல் நீதிமன்றத்தின் மேல் அமர்வு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அது இறந்தோரை நினைவுகூரும் நாள். உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்தத் தற்செயல் எத்தனை கனத்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தீர்ப்பின் அடிப்படை புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. மெக்சிகோ அரசியலமைப்பின் 2ஆம் பிரிவு, பழங்குடி மக்கள் தம் நெறிகளின்படி தம் ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 2001 திருத்தத்திலேயே ஏற்றிருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை மெக்சிகோ 1990-இலேயே உறுதிசெய்திருந்தது. மாநிலச் சட்டத்தில் அதற்கான வழிமுறை எழுதப்படவில்லை என்பது மட்டுமே குறை. சட்டமன்றம் எழுத மறந்ததற்காக உரிமையைத் தள்ளிவைக்க முடியாது என்று நீதிமன்றம் கருதியது. மக்களின் விருப்பத்தை அறியக் கலந்தாய்வு நடத்தும்படியும் ஆணையிட்டது. அது 2011 டிசம்பர் 18 அன்று நடந்தது. 2012 ஜனவரி 22 அன்று பாரியோக்களில் தேர்வு நடந்தது. பிப்ரவரி 5 அன்று, அரசியலமைப்பு நாளிலேயே, புதிய மன்றம் பொறுப்பேற்றது.

அதன் பிறகும் ஒரு வழக்கு உண்டு. பழங்குடி உரிமைகள் பற்றி மிச்சோவகான் 2012-இல் தன் மாநில அரசியலமைப்பைத் திருத்தியபோது செரானைக் கலந்துகொள்ளவில்லை. இதை எதிர்த்துச் செரான் ஒரு முனிசிபியோ என்ற நிலையிலேயே நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2014 மே மாதம் வென்றது. வழக்கப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தையே முனிசிபியோவின் முறையான பிரதிநிதியாக அந்நீதிமன்றம் ஏற்றது என்பதால், என் கணிப்பில் 2011 தீர்ப்புக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் இதற்கு உண்டு.

மேயரே இல்லை என்றால் யார் முடிவெடுப்பது?

முனிசிபியோ தலைவருக்கும் ரெகிதோர்களுக்கும் பதிலாகப் பன்னிரண்டு பேர் கொண்ட மன்றம் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அதைக் ‘கொன்செகோ மயோர்’ என்பார்கள். தமிழில் மூத்தோர் மன்றம் எனலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ‘கெரி’, அதாவது மூத்தவர், என்று அழைக்கப்படுகிறார். வயதைக் குறிக்கும் சொல்லாகத் தோன்றினாலும், ஊருக்கு உழைத்துப் பெற்ற மதிப்பையே அது முதன்மையாகச் சுட்டுகிறது. பன்னிருவரில் ஒருவர் மற்றவர்களுக்குத் தலைவர் என்ற ஏற்பாடு இல்லை. பதவிக்காலம் மற்ற முனிசிபியோக்களைப் போலவே மூன்றாண்டு.

செரான் நகரம் நான்கு பாரியோக்களாகப் பிரிந்துள்ளது: ஹருகுத்தினி, கேட்சிகுவா, கராகுவா, பரிகுத்தினி. ஒவ்வொன்றிலிருந்தும் மூவர். மூத்தோர் மன்றத்தின் கீழ்க் கூட்டுநிலம், நிர்வாகம், குடியியல் விவகாரங்கள், நீதியும் காவலும், சமூகப் பண்பாட்டுத் திட்டங்கள், பாரியோ ஒருங்கிணைப்பு எனத் தனித்தனி மன்றங்கள் இயங்குகின்றன. பெண்களுக்கும் இளைஞர்களுக்குமான மன்றங்கள் பின்னர் சேர்ந்தன. கருவூலம் தனி. இவை எல்லாவற்றுக்கும் மேலே, அமைப்பு வரைபடத்தில் மட்டுமின்றி நடைமுறையிலும், ஊர்ப் பொதுக்கூட்டம் இருக்கிறது. பெரிய விஷயம் என்றால் மன்றம் அதைப் பாரியோக் கூட்டங்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்; அங்கிருந்து அது ஃபொகாத்தாக்களுக்குப் போய்த் திரும்பும். மெதுவான முறைதான். அந்த மெதுவில்தான் அதன் பலம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

வாக்குச்சீட்டு இல்லாமல் தேர்தல் எப்படி? பணக்காரர் வளைத்துவிட மாட்டாரா?

பெயர்கள் முதலில் ஃபொகாத்தாவில் முன்மொழியப்படுகின்றன. ஒருவர் தானாக முன்வந்து எனக்கு வாக்களியுங்கள் என்று கேட்பது அங்கே இழுக்காகக் கருதப்படும். பரப்புரை, சுவரொட்டி, விருந்து எதுவும் கிடையாது. பிறகு பாரியோக் கூட்டத்தில், முன்மொழியப்பட்டவர்கள் முன்னே நிற்க, மக்கள் தாங்கள் ஏற்பவரின் பின்னே வரிசையாக நிற்கிறார்கள். வரிசையை எண்ணிவிட்டால் முடிவு தெரிந்துவிடும். மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அலுவலர்கள் உடனிருந்து பதிவுசெய்கிறார்கள்.

இரகசிய வாக்கு இல்லை என்பது நியாயமான கவலைதான். அதை ஒதுக்கிவிடக் கூடாது. யார் யாருக்குப் பின்னால் நின்றார் என்பது ஊருக்கே தெரியும். அண்டை வீட்டாரின் முகத்தாட்சண்யம் ஒருவரை இழுக்கலாம், குடும்பப் பகை இன்னொருவரைத் தள்ளலாம். ஆனால் 2011-க்கு முன் இரகசிய வாக்கு இருந்தபோது வாக்குகள் விலைபோயின என்பதும், கட்சி நிறம் குடும்பங்களையே பிரித்தது என்பதும் ஊராரின் நேரடி அனுபவம். இரண்டையும் நிறுத்துப் பார்த்து, வெளிப்படையாக நிற்பதே மேல் என்று அவர்கள் முடிவுசெய்திருக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? அரசிடம் வாங்குவதில்லையாமே?

வாங்குகிறார்கள். செரான் இன்றும் சட்டப்படியான முனிசிபியோ என்பதால், மற்றவற்றைப் போலவே மத்திய வரிகளில் பங்கும், அடிப்படைக் கட்டமைப்புக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்கப்படும் நிதியும் மாநிலம் வழியாக அதற்கு வருகின்றன. அந்தப் பணத்துக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும், தணிக்கையும் உண்டு.

அதோடு கூட்டுடைமைத் தொழில்களும் உள்ளன. மரக்கன்று நாற்றங்கால், பிசின் ஆலை, மர அறுவை ஆலை, கட்டுமானக் கற்கள் செய்யும் பட்டறை, முன்பு சொன்ன குடிநீர் ஆலை ஆகியவை வேலையும் வருமானமும் தருகின்றன. அமெரிக்காவில் உழைக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணம் பல வீடுகளைத் தாங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போலீஸ் கிடையாதாமே?

உண்டு, பெயரும் அமைப்பும் வேறு. காவல் முனிசிபியோவின் பொறுப்பு என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். அந்த அதிகாரத்தைக் கொண்டே ‘ரோந்தா கொமுனித்தாரியா’ என்ற ஊர்க்காவல் இயங்குகிறது. பெயரைக் கேட்டதுமே நம் ‘ரோந்து’ நினைவுக்கு வரும், பொருளும் அதுவே. ஊர்க்காரர்களின் பரிந்துரையோடு ஊர்க்காரர்களே இதில் சேர்கிறார்கள். நுழைவாயில்களில் சோதனை, தெருக்களில் சுற்றுக்காவல், காட்டுக்குள் வனக்காவலர்களின் சுற்று என்று பணி பிரிந்திருக்கிறது. குடித்துவிட்டுச் செய்யும் சச்சரவு, சிறு திருட்டு போன்றவற்றை ஊர் நீதி மன்றம் அபராதத்தாலும் பொதுப்பணியாலும் தீர்க்கிறது. கொலை போன்ற கொடுங்குற்றங்கள் மாநில அரசு வழக்குத் தொடரும் துறைக்குச் செல்கின்றன.

பாதுகாப்பு முழுமையானது என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்க்காவலில் பணியாற்றியவரும் காட்டுக்காக உழைத்தவருமான குவாதலூப்பே காம்பனுர் 2018 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவர் உடல் அண்டை முனிசிபியோவான சில்சோத்தாவில் கண்டெடுக்கப்பட்டது. ஊர் எல்லைக்கு வெளியே மிச்சோவகானின் வன்முறை அப்படியே இருக்கிறது.

அப்படியானால் இது ஒரு தனி நாடு போலத்தானே? ஜபதிஸ்தாக்களும் இவர்களும் ஒன்றா?

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். சட்டம் பற்றிய பதிலைப் படித்தவர்களுக்கு முதல் பகுதி விளங்கியிருக்கும்: செரான் தன் உரிமையை மெக்சிகோவின் நீதிமன்றங்களில் வென்றது. மத்திய, மாநிலச் சட்டங்கள் அங்கும் செல்லும். பள்ளிகளும் மருத்துவமனையும் அரசினுடையவை. தன் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் உள் அமைப்பிலும்தான் அது வேறுபடுகிறது. மாநில, மத்தியத் தேர்தல்களின்போது கட்சிப் பரப்புரையை ஊருக்குள் அனுமதிப்பதில்லை. வாக்குச்சாவடி அமைப்பதையும் பலமுறை எதிர்த்திருக்கிறது.

ஜபதிஸ்தாக்கள் தெற்கே சியாபாஸ் மாநிலத்தில் 1994 ஜனவரி 1 அன்று ஆயுதமேந்தி எழுந்தவர்கள். அவர்களுடைய தன்னாட்சிப் பகுதிகள் அரசு நிதியை ஏற்பதில்லை. அரசின் முனிசிபியோ அமைப்புக்கு வெளியே நிற்கின்றன. செரானோ அந்த அமைப்புக்குள்ளே நின்று அதன் உருவத்தை மாற்றியது. இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் மதிக்கிறார்கள். ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சொல்வது இருவரின் உழைப்பையும் மறைத்துவிடும்.

பெண்கள்தான் தொடங்கினார்கள் என்கிறீர்கள். மன்றத்தில் அவர்களுக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் போதுமான அளவில் தொடங்கவில்லை. 2012-இல் பொறுப்பேற்ற முதல் மூத்தோர் மன்றத்தில் ஒரே ஒரு பெண்தான் இருந்தார். வண்டியை மறித்தவர்கள் பெண்கள், நெருப்பைக் காத்தவர்கள் பெண்கள், மன்றத்திலோ பதினொரு ஆண்கள் என்ற முரண் ஊருக்குள்ளேயே பேசப்பட்டது. பின் வந்த மன்றங்களில் பெண்களின் எண்ணிக்கை கூடியது. பெண்களுக்கான தனி மன்றம் உருவானதும் அந்தப் பேச்சின் விளைவே. வழக்கம் என்பது மாறாதது என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முனிசிபியோவில் வேறு ஊர்கள் இல்லையா? அவர்களுக்கும் இந்த ஆட்சியில் பங்கு உண்டா?

இதுதான் மிகக் கடினமான கேள்வி. கேட்பவர்களும் மிகச் சிலரே. செரான் முனிசிபியோவுக்குள் சாந்தா குருஸ் தனாக்கோ என்ற இன்னொரு புரேபெச்சா ஊர் இருக்கிறது. முனிசிபியோவின் தலைநகருக்குக் கீழ்ப்பட்ட இத்தகைய ஊரை மிச்சோவகானில் ‘தெனென்சியா’ என்பார்கள். அதற்கென ஒரு தலைவர் உண்டு. மேலே சொன்ன நான்கு பாரியோக்களும் செரான் நகரத்தின் பாரியோக்கள். பன்னிரண்டு இடங்களும் அவற்றுக்கே என்றால் தனாக்கோவின் நிலை என்ன என்ற கேள்வி தானாகவே எழுகிறது. கட்சிகளை விலக்கும் எழுச்சி தலைநகரில் பிறந்தது. தனாக்கோவில் அதே வேகம் இருக்கவில்லை. காட்டு எல்லை பற்றிய பழைய மனக்கசப்பும், நிதிப் பங்கு பற்றிய வாக்குவாதமும் இரு ஊர்களுக்கிடையே உண்டு.

மாநிலத் தலைநகரம் மேலிருந்து தன்னைப் புறக்கணிக்கிறது என்பதுதான் மாநிலத்தின் மீது செரான் வைத்த குறை. அதே குறையைத் தனாக்கோ செரான் மீது வைக்கும்போது அதையும் காதுகொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

காடு திரும்பி வந்துவிட்டதா?

வந்துகொண்டிருக்கிறது. ஊரின் நாற்றங்காலில் ஆண்டுக்குப் பத்து லட்சம் அளவில் பைன் கன்றுகள் வளர்க்கப்படுகின்றன. விதைகளை உள்ளூர்க் காட்டிலிருந்தே எடுக்கிறார்கள்; மழைக்காலத்தில் பாரியோ வாரியாகச் சென்று நடுகிறார்கள். வெட்டுண்ட பெரும்பகுதியில் இன்று இளம் பைன்கள் நிற்கின்றன. ஆயினும் முதிர்ந்த காடு ஒரு தலைமுறையில் வளர்வதில்லை.

இப்போதைய அழுத்தம் வெண்ணெய்ப்பழத்திலிருந்து வருகிறது. மிச்சோவகான் உலகச் சந்தைக்கு வெண்ணெய்ப்பழம் விளைவிக்கும் மாநிலம். அண்டைப் பகுதிகளில் பைன் காடுகள் தோப்புகளாக மாறிவிட்டன. அந்த மரம் தண்ணீரை மிகுதியாகக் கேட்கும். லாபமோ குற்றக் கும்பல்களை ஈர்க்கும். ஆகவே செரான் தன் கூட்டுநிலத்தில் வணிகத் தோப்புகளை அனுமதிப்பதில்லை. ஊற்றுகளைப் பற்றிய பதிலையும் நில உடைமை பற்றிய பதிலையும் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தடை எங்கிருந்து வருகிறது, எப்படிச் செல்லுபடியாகிறது என்பது விளங்கும்.

வேறு ஊர்கள் இதைப் பின்பற்ற முடியுமா? அல்லது இது ஒரே ஒரு விதிவிலக்கா?

கட்சி இல்லாத உள்ளாட்சி மெக்சிகோவுக்குப் புதியது அன்று. வகாக்கா மாநிலத்தின் 570 முனிசிபியோக்களில் 400-க்கு மேற்பட்டவை தம் வழக்கப்படியே ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அம்மாநிலச் சட்டம் 1995-இலேயே அதை ஏற்றது. செரானின் தனிச்சிறப்பு, அத்தகைய சட்டம் இல்லாத மாநிலத்தில், கட்சி முறையிலிருந்து விலகி வந்து, நீதிமன்றம் வழியாக அந்த உரிமையை நிலைநாட்டியது. மிச்சோவகானின் 113 முனிசிபியோக்களில் அயுந்தமியெந்தோ இல்லாதது இது ஒன்றே.

ஆனால் அதன் வழக்கு திறந்த கதவு வழியாக வேறு ஊர்கள் நுழைந்திருக்கின்றன. முழு முனிசிபியோவாக இல்லாத தெனென்சியாக்கள், தங்களுக்குரிய நிதிப் பங்கைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையைக் கேட்டன. திங்கம்பாத்தோ முனிசிபியோவைச் சேர்ந்த பிச்சாத்தரோ என்ற ஊர் 2016-இல் தேர்தல் நீதிமன்றத்தில் அந்த உரிமையைப் பெற்றது. 2021-இல் மிச்சோவகானின் உள்ளாட்சிச் சட்டமே இதற்கான நடைமுறையை எழுதிக்கொண்டது: ஊர்ப் பொதுக்கூட்டம் முடிவெடுக்க வேண்டும், விண்ணப்பம் தர வேண்டும், தேர்தல் ஆணையம் கலந்தாய்வு நடத்த வேண்டும். அதன் பின் பல புரேபெச்சா ஊர்கள் அந்த வழியில் சென்றிருக்கின்றன. 2011-இல் தனக்கு அதிகாரம் இல்லை என்று கைவிரித்த அதே ஆணையம்தான் இன்று அந்த ஊர்களுக்குச் சென்று கலந்தாய்வுகளை நடத்துகிறது.